‘பொருந்தவில்லை’ என்ற பதில்

செருப்பு வாரின் தடம்தான் முதல் அறிகுறி. பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஆனையூர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது பாதத்தில் வார் பதிந்த பள்ளம் இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் அது மேலெழவில்லை. பிறர் எழுதும் செய்திகளைத் திருத்துவது என் வேலை. என் பாதம் சொன்ன செய்தியைச் சில வாரங்கள் படிக்காமல் ஒதுக்கி வைத்தேன்.

பிறகு முகம் வீங்கியது. வாயில் எப்போதும் இரும்புச் சுவை. பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் பல மடங்கு தேங்கியிருந்தது. அறிக்கையைப் பார்த்த மருத்துவரிடம், என் முன்னால் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் கண்ணால் சாடை காட்டினார். அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உங்ககிட்டயே நேராச் சொல்லலாமா?”

தலையசைத்தேன். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன, இனி அவை மீளா என்றார். அந்த நோயில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை.

டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்திகரித்தல்) தொடங்கியது. இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் பாதை) அமைத்தார்கள். அதன்மேல் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு ஓயாமல் தெரியும்.

கோரிப்பாளையத்தில் இருக்கும் அந்த மையத்தின் ஜன்னலில் தர்காவின் குவிமாடம் தெரியும். என் இரத்தம் குழாய் வழியே வெளியே போய், குளிர்ந்து, திரும்பி உள்ளே வரும். அதைப் பார்த்தபடியே கண் சொருகும். விழிப்புமில்லை, தூக்கமுமில்லை. குவிமாடம் மெல்ல மிதந்து நகரும். குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்திருந்ததால் என் கனவெல்லாம் தண்ணீர். வைகை இரு கரையும் தொட்டு ஓடும். பாலத்து வாகனங்கள் படகுகளாகிச் சத்தமின்றிப் போகும். நான் குனிந்து கை நிறைய அள்ளுவேன். உதட்டருகே வரும்போது செவிலியர் வந்து இரத்த அழுத்தம் பார்ப்பார்.

மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வந்தது. கணவருக்குச் சர்க்கரை நோய், அவரால் ஆகாது. அலங்காநல்லூரில் கரும்பு போட்டிருக்கும் என் தம்பி செல்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருந்தபோது அறிவித்தான்.

“ரெண்டு வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்யப் போறேன்? அக்கா ஒன்னை எடுத்துக்கிறட்டும்.”

“மாப்ள, இது என்ன கறிக்கடையா, நிறுத்துப் போடுறதுக்கு?” என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மனைவி கவிதா மட்டும் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். ஒரே ஒரு காட்சியை வைத்துத் தலைப்புப் போடக்கூடாது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

மருத்துவர் எங்கள் குடும்பத்தை உட்கார வைத்து ஒரு நடைமுறையை விளக்கினார். கொடுக்க முன்வருபவரிடம் தனியாகப் பேசுவார். வேறு யாரும் உடனிருக்க முடியாது. பெற்றுக்கொள்பவரிடமும் அப்படியே. அதன்பின் எங்களுக்குக் கிடைப்பது ஒற்றைப் பதில்: பொருந்தும், அல்லது பொருந்தவில்லை. காரணம் இரத்தத்தில் இருக்கலாம், வேறு நோயில் இருக்கலாம், மனத்தில் இருக்கலாம். வெளியே வரும் பதில் மாறாது.

என்னிடம் அந்த அறையில் அவர் கேட்டது இது: “வாங்கிக்கணும்னு தோணுதா, வாங்கித்தான் ஆகணும்னு தோணுதா?” நான் சொன்ன பதில் அங்கேயே இருக்கிறது. இங்கும் அதை எழுதப்போவதில்லை.

செல்வம் உள்ளே வெகுநேரம் இருந்தான். வந்ததும் நேரே குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான். அவன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைத்தான் பார்த்தேன்.

சில நாட்களில் பதில் வந்தது. பொருந்தவில்லை.

என் மேசைக்கு அப்படியொரு வரி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எது பொருந்தவில்லை, யார் சொன்னது? எனவே மருத்துவரிடமே போய்க் கேட்டேன். என் உயிர் சம்பந்தப்பட்டது, எனக்கு உரிமை இல்லையா என்றேன். அவர் கோபப்படவில்லை.

“உங்களைப் பத்தின எல்லாத்தையும் சொல்றேன். அவர் பேசினது அவரோடது. கேட்டா நான் சொல்லிடுவேன்னு தெரிஞ்சா, அந்த ரூம்ல நாளைக்கு யாரும் நிஜத்தப் பேச மாட்டாங்க.”

மறுக்க வழியிருந்தால்தான் சம்மதம் என்பதற்குப் பொருள் உண்டு என்று பல கட்டுரைகளில் திருத்தியிருக்கிறேன். அந்த வழி எனக்கு வரவிருந்த சிறுநீரகத்தின் ஊடாகப் போகக்கூடும் என்று நினைத்ததில்லை. அன்று அவரை வெறுத்தேன். என்னைப் போன்ற நிலையில் இதைப் படிப்பவர்களுக்கும் அப்படித் தோன்றலாம். தோன்றட்டும்.

என் அம்மாவுக்குக் காரணம் தேவைப்பட்டது, கவிதாவைக் காரணமாக்கினார். அவள்தான் கெடுத்துவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தினார். செல்வமும் எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டான். அந்த ஒற்றைப் பதிலை இனி நான்தான் காக்க வேண்டியிருந்தது.

“அந்த ரூமுக்குள்ள நானும்தாம்மா தனியாப் போனேன். வேணாம்னு சொன்னது நானா இருந்தா?”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். “அப்படியாடி?” என்றார். நான் அன்றைய மாத்திரைகளை எண்ணி எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் கவிதாவோடு பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மழை பெய்த ஒரு பிற்பகலில் செல்வம் டயாலிசிஸ் மையத்துக்கு வந்தான். எனக்குப் பாதி உறக்கம். ஜன்னலில் குவிமாடம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, நனைந்த துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“அக்கா, அன்னைக்கு டாக்டரம்மாட்ட நான் என்ன பேசுனேன்னா...”

எத்தனை மாதமாய்க் காத்திருந்த செய்தி. கையெட்டும் தூரத்தில், என் கனவுத் தண்ணீரைப் போல.

“இரு. சொல்லணும்னு தோணுதா, சொல்லித்தான் ஆகணும்னு தோணுதா?”

துண்டைப் பிசைந்த கை நின்றது. அந்தக் கேள்வியை அவனும் எங்கோ கேட்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. இந்த முறை முகத்தைத்தான் பார்த்தேன்.

“ரெண்டாவதுதான்,” என்றான்.

“அப்ப வேணாம்டா.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அம்புட்டுத் தூரத்துலருந்து நனைஞ்சுக்கிட்டு வந்தேன்,” என்று சலித்துக்கொண்டான். இயந்திரம் நின்று, ஊசிகளை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, கட்டுக்கு மேலே என் கையில் காதை வைத்துக் கேட்டான்.

“மோட்டார் ஓடுதுக்கா,” என்றான். அவன் கிணற்று மோட்டாரைப் பற்றி இப்படித்தான் திருப்தியாகச் சொல்வான்.

இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் இப்போது நான் இருக்கிறேன். எனக்குக் கிழமைகள் இல்லை. இயந்திரம் உள்ள நாள், இல்லாத நாள் என்ற இரண்டுதான். என் உடம்பு தோலோடு முடிவதில்லை, குழாயும் இயந்திரமும் அதில் சேர்ந்தவை என்று பழகிவிட்டது. என்றோ இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டாரிடம், அவர் உறுப்பைத் தருவீர்களா என்று தனியறையில் கேட்பார்கள். அவர்கள் மறுக்கவும் முடியவேண்டும் என்று, எவ்வளவு தாகத்திலும், விரும்புகிறேன்.

படுத்து இடது கையைக் காதோரம் வைத்துக்கொள்கிறேன். மோட்டார் ஓடுகிறது. எங்கோ ஒரு கரும்புக் காட்டுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.