ஜமால் பாய்க்கு நான் வாங்கிய அறுபதாம் கேக்

இதனால் நண்பர்கள், எதிரிகள், என்னை பிளாக் செய்தவர்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்... அடியேனுக்கு இன்று பதினெட்டு வயது பூர்த்தி. இனி ஓட்டும் போடலாம், வண்டியும் ஓட்டலாம்.

கேக் மட்டும் இல்லை. கேக் போடுகிற ஜமால் பாய் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி.

மயிலாடுதுறையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருந்தாரே, அவர்தான். "உக்கார ஒரு பாய்கூட இல்ல, இது என்ன பாய் கடை?" என்று நான் கேட்டதற்கு, "நின்னுகிட்டே தின்னாத்தான் நீயெல்லாம் சீக்கிரம் கிளம்புவ" என்றவர்.

காலையில் நண்பன் ஹரி போன் செய்து சொன்னபோது நான் சிரித்தேன். எழுதவே கேவலமாக இருக்கிறது... ஆனால் சிரித்தேன்.

"உன் பதினெட்டாவது பொறந்தநாளைக்கு உன்ன ஏமாத்திக் காட்டுறேன் பாரு" என்று பாய் ஒரு வருஷமாகச் சவால் விட்டிருந்தார். அதுதான் இது என்று நினைத்தேன்.

கடைக்கே போய் ஷட்டரைத் தட்டினேன். "பாய், போதும், வெளிய வாங்க. இதெல்லாம் ரொம்ப ஓவர்!"

பக்கத்துப் பூக்கடை அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டாத தம்பி. நெசமாத்தான்."

அந்தச் சவாலுக்குக் காரணம், போன வருஷம் நான் செய்த வேலை.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் வழியில் பாய் கடையில் கேக் வாங்குவார்கள். வாரத்துக்கு நாலைந்து கேக்கிலாவது க்ரீமால் '60' எழுதுவார். ஒருநாள் ஆதாரைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார். பார்த்தால்... அடுத்த வாரம் அவருக்கே அறுபது.

உடனே அவர் கடையிலேயே ஆர்டர் கொடுத்தேன். ஒரு கிலோ, 'சண்முகம் 60'.

"யாருப்பா சண்முகம்?"

"பெரியப்பா, பாய். தரங்கம்பாடி. திருக்கடையூர்ல முடிச்சுட்டு வீட்டுல கேக் வெட்டுறாங்க. கேக் போட்டவரும் வரணும்னு சொன்னாங்க."

"முட்டை போட்டதா, போடாததா?"

"போட்டது பாய்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அவர் பிறந்தநாள் அன்று மதியம் கடையை மூடிவிட்டு, பாயம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான், ஹரி, அவர்கள் இருவர், என் மடியில் கேக். திருக்கடையூர் நிறுத்தத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தா பாட்டி ரோட்டைக் கடந்தார்கள்.

"மாலையப் பாக்காத. பின்னாடி வர்ற ஆளு கையப் பாரு... நம்ம கடை கேக் பெட்டி" என்றார் பாய்.

"கடையப் பூட்டிட்டு வந்தும் யாவாரந்தானா?" என்றார் பாயம்மா.

தரங்கம்பாடி கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி, சுண்டல், கோலி சோடா. "பெரியப்பா எங்கப்பா?" என்று பாய் கேட்க, நான் பெட்டியைத் திறந்து சண்முகத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, '60' மட்டும் மிச்சமிருந்த கேக்கை நீட்டினேன்.

"அடப்பாவி! எனக்கா? எங்க வீட்ல பொறந்தநாளே கொண்டாடுற பழக்கமில்லையேப்பா..."

காற்றில் மெழுகுவத்தி எரியவே மாட்டேன் என்றது. பாய் எரியாத மெழுகுவத்தியையே ஊதினார்.

அன்றிலிருந்து ஊரெல்லாம் அளந்தேன். ஜமால் பாயை ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான் என்று. அவர் எதிரிலேயே சொல்வேன். பன்னை வெட்டிக்கொண்டே, "ஆமாப்பா, நல்லா ஏமாந்துட்டேன்" என்பார்.

இன்று மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை... அம்மா வைத்த பாயசம் ஆடை கட்டிக் கிடக்கிறது.

வாழ்த்துச் சொன்னவர்களுக்குப் பதில் போடத் தெம்பில்லை. மன்னிக்கவும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஹரியும் பாயம்மாவும் தூங்கிவிட்டார்கள். பாய் என் காதோரம் குனிந்தார்.

"ஏன்டா வாலு... கோயிலுக்குப் போற அறுபதாம் கல்யாணத்துக்கு எவனாவது முட்டை கேக் வாங்குவானா? இத்தன வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல. நீ வாயத் தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

முட்டை இல்லாததெல்லாம் கேக்கே இல்லை என்று அவர்தான் அடிக்கடி சொல்வார். அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பசங்ககிட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

போய்ட்டு வாங்க பாய்... காலைல ஷட்டர அவ்ளோ தட்டியிருக்கக் கூடாது.