புகைக்காரர் அடைத்த ஓட்டை

எங்கள் தெருவில் அவரைப் புகைக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. லாரி, பஸ், வேன் என்று எது வந்தாலும் அதன் சைலன்சரைக் கழற்றி, ஓட்டையைக் கண்டுபிடித்து, பற்றவைத்து அனுப்புவது அவருடைய முப்பது வருஷத் தொழில். ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. ஒரு தடவை மூன்று தெரு தள்ளிப் போன பஸ்ஸின் சத்தம் கேட்டு, எச்சில் கையோடு ஓடிப்போய் வழிமறித்து, "இடப்பக்கம் ரெண்டாவது வளைவுல விரிசல்" என்றார். டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தான். விரிசல் இருந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். நாலைந்து பேர்தான் தட்டினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கதை சொல்ல வராது.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். கொசு வந்து உட்கார்ந்து கேட்டாலும் அதன் முகத்துக்கு ஒரு சட்டம் செய்து தரக்கூடிய விரல்கள். ஐம்பது வயதில் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. தரையில் நின்று, கையிலிருக்கும் பெட்டியின் இரண்டு குச்சிகளை ஆட்டியே வானத்தில் ஓட்டும் குட்டி விமானம். சாப்பாட்டு மேசையில் பாதியை வளைத்துப்போட்டுக்கொண்டு, லேசான மரத்தை விலா விலாவாக வெட்டி, ஒட்டி, மேலே மெல்லிய தாளை இழுத்துக் கட்டி, இரண்டு வருஷம் உழைத்தாள். புருஷனுக்கு அந்த இரண்டு வருஷமும் மீதிப் பாதியில்தான் சாப்பாடு. குழம்பில் மரத்தூள் விழுந்தாலும் வாயைத் திறக்கவில்லை மனிதர்.

இஞ்சின் மட்டும் பழசு. ஊரை விட்டுப் போன யாரோ கொடுத்தது. கூடவே கட்டைவிரல் பருமனில் ஒரு சைலன்சர். எதை எங்கே மாட்டுவது என்று சொல்லும் தாள் எதுவும் கூட வரவில்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு ரிப்பேர் சொன்னது கிடையாது. குழாய் ஒழுகினால்கூட அவளே முறுக்கிவிடுவாள். அன்றைக்கு அந்தச் சைலன்சரைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னங்க, இத மட்டும் நீங்க மாட்டிக் குடுங்க. இது உங்க சமாச்சாரம்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைலன்சரின் பக்கவாட்டில் பித்தளையில் ஒரு சின்னக் குழல், அரிசி மணி நீளம்தான். வாயை வைத்து ஊதினார். காற்று தாராளமாக வெளியே வந்தது.

"ஏம்மா, இதுல ஓட்டை இருக்கு."

"எதுக்காவது வெச்சிருப்பாங்க."

"புகை போறதுக்குத்தான் பின்னாடி வாய் இருக்கே, பக்கத்துல இன்னொண்ணு எதுக்கு? எவனோ அரைகுறை பண்ணின வேலை. நீ விடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் பட்டறையில் அந்தக் குழலைத் திருகி எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு குட்டி போல்ட்டைச் சூடு தாங்கும் பசை தடவி இறுக்கினார். தலையை அறுத்தார். அரத்தால் தேய்த்து மெருகும் போட்டார். கடைசியில் ஓட்டை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு தடுக்கும் கேஸ்கெட் தகட்டை வைத்து, சைலன்சரைப் பொருத்தி முடித்தார். டேங்கிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் வந்தன. ஒன்று எரிபொருளை இஞ்சினுக்குக் கொண்டுபோவது. மற்றது?

"அது டேங்க் மூச்சு விடறதுக்கு. வயித்துக்கு அடியில வெளிய தொங்கட்டும்" என்றார். சைலன்சர் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவள் டேங்க் மேல் மூடியை வைத்து ஒட்டிவிட்டாள்.

விமானம் விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, ஒரு மைதானமும் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். சங்கத்தில் சேர ஒரு சோதனை வைத்திருந்தார்கள். விமானத்தைத் தரையிலிருந்து கிளப்பி, மூக்கை நிமிர்த்தி மேலே ஏற்றி, ஒரு வட்டம் அடித்து, சேதமில்லாமல் இறக்க வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அடுத்த வருஷம்தான்.

முதல் ஞாயிறு, விசிறியை ஒரே ஒரு சுண்டு சுண்டியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தரையில் ஓடியது, எழும்பியது. மூக்கை நிமிர்த்தினாள். இரண்டு மாடி உயரத்தில் சட்டென்று மூச்சு நின்றுபோனது. எப்படியோ தடவித் தடவி இறக்கினாள். இரண்டாவது ஞாயிறும் அதே உயரம், அதே சாவு.

"டேங்க் ரொம்பத் தாழ்வா வெச்சிட்டீங்க போலம்மா. ஏறும்போது எரிபொருள் எட்டல" என்றார் டாக்டர்.

வீட்டு முற்றத்தில் புகைக்காரர் இஞ்சினை ஓடவிட்டு, சைலன்சரைச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார். ஒரு கசிவும் இல்லை. விமானத்தின் வாலைப் பிடித்து மூக்கை நிமிர்த்தினார். நின்றுபோனது. சமமாகப் பிடித்து ஓடவிட்டார். ஓடியது. பத்துத் தடவை நிமிர்த்தினார், பத்துத் தடவையும் நின்றது.

"படுத்தா ஓடுது, நிமிர்த்தினா நின்னுடுது. அப்படியே உங்க அண்ணன்."

"எங்க அண்ணன இழுக்கலேன்னா உங்களுக்கு ஸ்பேனரே பிடிக்க வராதே."

"என் சைலன்சர்ல குறை கிடையாது, அவ்வளவுதான் சொல்லுவேன். நீ உன் டேங்கப் பாரு."

அவள் டேங்கின் வரைபடத்தைப் பார்த்தாள். அது உட்காரும் பலகையின் வரைபடத்தைப் பார்த்தாள். வரைந்து வைத்த அளவுகளை மூன்று ராத்திரி கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். எங்கே பிசகியது என்று பிடிபடவே இல்லை. டேங்க் இருந்தது விமானத்தின் வயிற்றுக்குள், நாலு பக்கமும் ஒட்டி மூடிய அறையில்; வெட்டாமல் தொட முடியாது.

மூன்றாவது ஞாயிறு, சோதனைக்கு முன்னால் மைதானத்து ஓரப் பலகையில் வைத்து ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்தாள். நின்றது. பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"வயித்தக் கிழிச்சு டேங்க மேல தூக்கப்போறேன்."

"கிழிச்சா இன்னிக்குப் பறக்காதேம்மா."

"கிழிக்காட்டியும் பறக்கலையே."

இரண்டு வருஷ வேலை கத்திக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. மற்றவர்களின் விமானங்கள் நின்ற பக்கம் நடந்தார். கண் தானாகச் சைலன்சருக்குத்தானே போகும்? டாக்டருடையதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டாக்டர், உங்க சைலன்சர்ல ஓட்டை இருக்கு. ரப்பர் குழாயச் சொருகி மறைச்சிருக்கீங்க. குடுங்க, அடச்சுத் தரேன்."

"ஐயையோ, தொடாதீங்க!"

புகைக்காரர் பக்கத்து விமானத்தைப் பார்த்தார். அதிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும். ஆறு விமானம், ஆறு ஓட்டை, ஆறிலும் ஒரு குழாய்.

"என்ன டாக்டர் இது, எல்லாரும் ஓட்டையோட திரியறீங்க? இந்த மைதானத்துலயே ஒழுங்கான சைலன்சர் என் சம்சாரத்தோடது ஒண்ணுதான்…"

சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"அந்தக் குழாய் எங்க போகுது?"

"டேங்குக்கு. புகையோட அழுத்தம் அது வழியாப் போய் எரிபொருள இஞ்சினுக்குத் தள்ளும். அது இல்லேன்னா மூக்கு நிமிர்ந்ததும் நின்னுடும்."

"புகை… எரிபொருளுக்குள்ளயா? திரும்பியா?"

"ஆமா."

"பத்திக்காதா?"

"பத்திக்காது."

"சைலன்சர் வெளிய விடறதுக்குத்தான டாக்டர்?"

"வெளிய போறதுல கொஞ்சத்தப் பிடிச்சு வேலை வாங்கறோம்."

முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கற்றது அத்தனையும் அந்த மனிதரின் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கால் ஓடியது. டாக்டரும் பின்னாலேயே வர, அவர் பலகைக்கு வந்து சேர்ந்தபோது கத்தி இரண்டு விரல் நீளத்துக்குத் தாளைக் கிழித்திருந்தது.

"நிறுத்து, நிறுத்து!"

"என்னங்க?"

"சைலன்சர்ல என்னமோ அடச்சிக்கிட்டிருக்கு."

"என்ன அடச்சிக்கிட்டிருக்கு?"

"ஒரு… போல்ட்டு."

"போல்ட்டு எப்படி உள்ள போகும்?"

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் வெச்சேன். ஓட்டைன்னு நெனச்சு அடச்சிட்டேன். தப்பு டேங்குல இல்ல, உன் மேலயும் இல்ல."

அவள் கிழிந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவரை. "ரெண்டு வாரமா என் டேங்கத் திட்டினீங்களே" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க இருக்கு அது?"

அங்கேதான் வந்தது வினை. சைலன்சரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், இடம் தெரிந்தால்தானே? டாக்டர் பார்த்தார், பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அவள் அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரல் நகத்தால் மெல்லத் தடவினாள். ஓர் இடத்தில் நகம் நின்றது.

"இங்க."

டாக்டரிடம் கைத் துளைப்பான் இருந்தது, உபரியாகப் பித்தளைக் குழலும் இருந்தது. அவள் துளைப்பானை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"நீயே போடேன்."

"நான் கேட்டது உங்கள."

வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைத்த கை, முதல் தடவையாக ஒரு சைலன்சரில் ஓட்டை போட்டது. நெற்றியில் வழிந்த வியர்வை சைலன்சர் மேலேயே சொட்டியது. பித்தளைக் குழலைத் திருகினார். கேஸ்கெட்டோடு சைலன்சரை மறுபடி மாட்டினார். தொங்கிக்கொண்டிருந்த டேங்க் குழாயை அதில் சொருகினார். கிழிசல் மேல் அவள் ஒரு துண்டு டேப் ஒட்டினாள், அவர் இஞ்சினை ஓடவிட்டார்.

வாலைப் பிடித்து நிமிர்த்தினார். இஞ்சின் நிற்கவில்லை. இன்னும் நிமிர்த்தினார். அவர் முகத்தில் காற்றை அறைந்துகொண்டு அது பாட்டுக்கு ஓடியது.

பிறகு அவள் பறக்கவிட்டாள். இரண்டு மாடி தாண்டியது, நாலு மாடி தாண்டியது. ஒரு காக்கை வழிவிட்டு ஒதுங்கியது, சத்தியமாக. வட்டம் அடித்துத் திரும்பி வந்து, புல்லில் சறுக்கி, அவள் காலடியிலிருந்து நாலு முழத்தில் நின்றது. டாக்டர் நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுத ஆரம்பித்தார்.

புகைக்காரர் விமானத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வெளிய போக வேண்டிய புகை திரும்பி உள்ள போயி, அதுவே தள்ளுதுன்னா… எனக்குப் புரியலையே."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் முழுசாப் புரியலங்க. இன்னொரு தடவ ஓட விடுங்க, ரெண்டு பேருமாப் பாக்கலாம்."