திருமாலின் அமாவாசை நண்டுகள்

விருத்தாசலத்தில் நண்டுக்காகப் பஸ் ஏறுகிற ஒரே ஆள் திருமால்தான். அதுவும் தின்பதற்கில்லை, பார்ப்பதற்கு.

செராமிக் பட்டறையில் அச்சுக்குள் மண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுக்கிறவர். ஊற்றியது அச்சில் பிடிக்கும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் பிச்சாவரத்தில் அவருக்குக் கைகொடுத்தது. முன்பெல்லாம் பட்டறைக்கு லீவு அமாவாசையன்று. விடியுமுன் கிளம்பி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வழியாகப் போய், படகுக்காரர் பிரபாகரனோடு உப்பங்கழியில் நிற்கும் சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்துவிடுவார். அமாவாசைக்குக் காலையில் தண்ணீர் நன்றாக ஏறும். அது ஏற ஏற, வேர்களில் கிடந்த நண்டுகளும் மரத்தில் ஏறும்.

உள்ளங்கையில் பாதிகூட இராது ஒவ்வொன்றும். பட்டையில் ஒட்டிக்கொண்டு, கொடுக்கால் எதையோ சுரண்டிச் சுரண்டி வாயில் வைத்துக்கொள்ளும். சத்தம் கேட்டால் நைசாக மரத்தின் அந்தப் பக்கம் போய்விடும். நாம் அசையாமல் இருந்தால் முதலில் ஒரு கண் மட்டும் எட்டிப்பார்க்கும். அதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார் மனிதர்.

"பேசாம ஒரு நண்டையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் மனைவி ஆதிலட்சுமி.

போன வருஷம் பட்டறை கைமாறியது. புது முதலாளி ரகுராம் லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். தகப்பன் இல்லாதவர்களுக்கு மட்டும், படையல் போட அமாவாசையன்றும் லீவு உண்டு.

சரி, ஞாயிற்றுக்கிழமையே போவோம் என்று போனார். படகுக்குப் படகு பாட்டு, விசில், செல்ஃபி. நண்டுகள் தொப்புத் தொப்பென்று தண்ணீரில் விழுந்து மறைந்தன.

"இந்தக் கூட்டத்துல அதுங்க மொகம் காட்டாதுங்க. நீங்க அமாவாசைக்கே வாங்க" என்றார் பிரபாகரன்.

வெட்கத்தை விட்டு முதலாளியிடம் கேட்டும் பார்த்தார்.

"நண்டு உனக்கு என்ன ஒறவு திருமாலு?" என்றார் ரகுராம். பட்டறையே சிரித்தது. திருமாலும் சிரித்துவைத்தார்.

அதிலிருந்து அமாவாசைக் காலைகளில் அவருக்கு வேலை ஓடுவதில்லை. அச்சில் ஊற்றிவிட்டு, "இந்நேரம் ஏறியிருக்கும்" என்று முணுமுணுப்பார். எதற்கும் ஆசைப்படாத மனிதர், இதற்கு ஏங்கினார். சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இன்னும் அதிகமாக ஏங்கினார்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார் அப்பா பழமலை. எண்பதைத் தாண்டியும் நக்கல் குறையாதவர்.

"ஏம்பா, நான் போயிட்டா ஒனக்கும் அமாவாசைக்கு லீவு வுட்டுருவாங்க இல்ல? காலையில படையல் எதுக்கு, நீ நேரா நண்டப் பாக்கப் போயிரு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"சாப்புடறப்ப என்ன பேச்சு மாமா இது" என்றாள் ஆதிலட்சுமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

திருமால் சிரிக்கவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் நிஜமாகவே அந்தப் படகில் போய் உட்கார்ந்திருந்தார். அது உறைத்ததும் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை எடுத்துவந்து, அப்பா போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க, அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.