கொழுந்து லொறிக்கு ஒப்பாரி

எங்கள் அத்தைக்குப் பாட்டுக் கட்ட வரும் என்பது அம்மா செத்துப்போன பிறகுதான் தேயிலைத் தோட்டத்துக்குத் தெரிந்தது. அதுவரை அவளுக்குச் சண்டை போட மட்டுமே வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அதே லயத்து வீட்டு வரிசையில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை ஒட்டிய காம்பராவில் மாமாவோடு இருந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் அம்மா பெருமூச்சு விட்டால், அது தன்னைப் பார்த்து விட்ட மூச்சுத்தான் என்று அந்தப் பக்கம் அத்தை பாத்திரத்தை உருட்டுவாள்.

லயத்துக்கே ஒரு பீலிதான். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழும் அந்தத் தண்ணீருக்கு முன்னால், யார் குடத்தை முதலில் வைப்பது என்று ஒருநாள் காலையில் இருவருக்கும் வாய் முற்றியது. அன்றோடு பேச்சு நின்றது. அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் என்னை நிறுத்திக்கொள்வார்கள்.

"ஒங்கத்தகிட்ட சொல்லுடி, அவ கோழி நம்ம வெறகுக்குள்ள முட்ட போட்டிருக்குன்னு" என்பாள் அம்மா. இரண்டடி தள்ளி நிற்கும் அத்தைக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை காது கேளாதவள் மாதிரி நிற்பாள். அந்த வயதில் எனக்கு அது பெரிய உத்தியோகம்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு ஒரே ஒரு லொறி. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்து, எடை போட்டு முடித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு கீழே பெக்டரிக்குப் போகும். அதில் ஆட்கள் ஏறக்கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் சட்டம். மனித வாடை பட்டால் கொழுந்து கெட்டுவிடுமாம். அதே கொழுந்தை நாள் முழுக்க முதுகில் சுமந்து வந்தவர்களும் மனிதர்கள்தானே என்று துரையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மாவுக்குப் பிரசவம் ஆனது. பிள்ளை பிறந்து அழவில்லை. அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. நல்ல பகல் நேரம். மடுவத்தில் லொறி நின்றுகொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய்க் கேட்டார். துரையின் சீட்டு இல்லாமல் ஆள் ஏற்ற முடியாது என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. துரை கிளப்புக்குப் போயிருந்தார். கணக்கப்பிள்ளையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். லொறி கொழுந்தோடு புறப்பட்டுப் போய்விட்டது. ஒரு கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரிக் கட்டி, அம்மாவை அதில் கிடத்தி, அப்பாவும் மாமாவும் இன்னும் சில ஆட்களும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோயில் வளைவைத் தாண்டிப் போனவர்கள் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரி அவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவளை யாரும் இடைமறிக்கக் கூடாது. இது எங்கள் ஆட்களோடு கப்பலேறி வந்த வழக்கம். அழுகிறவள் யாரை வேண்டுமானாலும் இழுக்கலாம். மாமியாரை, புருஷனை, ஏன், சாமியையே கூட இழுக்கலாம். இழுக்கப்பட்டவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிறகு அதைக் கிளறிக்கொண்டு சண்டைக்கு வந்தால் ஊரே அவரைக் காறித் துப்பும். மறுநாள் எங்கள் வாசலில் கணக்கப்பிள்ளை துக்கத்துக்கு வந்து நின்றார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் நின்றார். தலைவர் இந்த லொறி விஷயமாகவே துரைக்கு இங்கிலீஷில் மனு மேல் மனு போட்டு ஓய்ந்தவர். எங்கள் ஆட்களுக்கு ஓட்டும் இல்லாமல் போயிருந்த காலம் அது. மனுவைத் தூக்கிக்கொண்டு எந்த மந்திரி வாசலிலும் போய் நிற்க முடியாது. அந்தக் கூட்டத்துக்குள் அத்தை தலைவிரி கோலமாக வந்து விழுந்தாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு பாடினாள்.

பச்சக் கொழுந்துக்கு லொறியிருக்கு – மதினியே
பச்ச ஒடம்புக்கு லொறியில்லையே
பெட்டித் தூளுக்கு ரயிலிருக்கு – மதினியே
பெத்த வயித்துக்கு வழியில்லையே

கணக்கப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டு, அதே அடிகளைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவரை ஒரு வாய் வார்த்தை பேசாதவள், இப்போது 'மதினியே, மதினியே' என்று எங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறாளே, இவளுக்கு வெட்கம் இல்லையா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு யாரும் இல்லை. அப்பா விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்கப் போவார். வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காம்பரா பூட்டியிருக்கும். சாவி வாசல் கல்லுக்கு அடியில் இருக்கும். திறந்தால் அடுப்பு சாம்பலோடு என்னைப் பார்க்கும். அதற்குப் பயந்தே நான் உள்ளே போகாமல், அம்மா கொழுந்து எடுத்த மலைக்கு மேலே இருந்த பாறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். செய்தி கொண்டுபோகும் உத்தியோகமும் போய்விட்டது. அனுப்புவதற்குத்தான் ஆள் இல்லையே.

அந்தப் பாறையில் இருக்கும்போதுதான் பாட்டு மலைக்கு வந்துவிட்டதைக் கேட்டேன். முதல் நிரையில் கொழுந்து எடுப்பவள் ஓர் அடியைத் தூக்கினால், கடைசி நிரை வரை அது கைமாறிப் போகும். அம்மாவை அக்கா என்று அழைத்தவள் 'அக்காவே' என்று பாடினாள். சித்தி என்று அழைத்தவள் 'சித்தியே' என்றாள். எல்லையில் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்துப் பெண்கள் 'தங்கச்சியே' என்று எடுத்தார்கள். அவர்கள் என் அம்மாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு கை அம்மாவை அள்ளிக்கொண்டு போவது போல எனக்கு இருந்தது. எனக்கென்று மிச்சம் ஏதும் வைக்க மாட்டார்களா என்று அழுகையாக வந்தது.

இதில் துரை ஒரு நாள் மலைக்கு வந்து, பாட்டைக் கேட்டுப் பூரித்துப்போனார். ஆட்கள் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள் என்று மனைவி துரைசாணியையும் அழைத்து வந்து கேட்க வைத்தார். துரைசாணி தாளத்துக்குத் தலையை ஆட்டினாள். என்ன பாட்டு என்று துரை கேட்டதற்கு, சாமிப் பாட்டு என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை தப்பித்தாராம்.

அம்மாவின் காரியம் முடிந்த பிறகு ஒரு மாலை, லொறி மடுவத்துக்கு வந்து நின்றபோது, அத்தை கூடையை இறக்கிவிட்டு நேராக அதன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அந்தப் பாட்டைத் தொடங்கினாள். மற்றப் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்காருவது போல லொறியைச் சுற்றி உட்கார்ந்து, தோளில் கைபோட்டு அழுதார்கள். எழுந்திருக்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளை கத்தினார்.

"ஒப்பாரிங்கய்யா" என்றாள் அத்தை. "அழுவுறவள தடுப்பீங்களா? எங்க, தடுங்க பாப்போம்."

அவரும் நம் ஆள்தானே. எப்படித் தடுப்பார்? அழுது முடித்ததும் எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, கொழுந்தை ஒழுங்காக ஏற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நாளும் இதே. அதற்கடுத்த நாளும் இதே.

லொறி டிரைவர் வட்டவளைப் பக்கத்துச் சிங்கள ஆள். எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். முதல் நாள் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு லொறியின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். எலுமிச்சம்பழம் காய்ந்ததே தவிர அழுகை நிற்கவில்லை. கடைசியில் ஒரு மாலை சாவியைக் கொண்டுவந்து கணக்கப்பிள்ளையின் மேசைமேல் வைத்துவிட்டார்.

"மட்ட பே, மாத்தயா. என்னால முடியாது. நல்லா ஓடுற வண்டிக்கு முன்னால ஒக்காந்து செத்த வீட்டு அழுக அழுதா, வளைவுல எனக்கு அந்த அழுகதான் கேக்குது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் நான் அத்தையிடம் போனேன். அவள் அடுப்பு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். யாருடைய செய்தியும் இல்லாமல், முதன்முதலாக என் செய்தியை நானே சொன்னேன்.

"அந்தப் பாட்ட நிப்பாட்டு அத்த. அது எங்கம்மா."

அத்தை கையை எடுக்காமல் மாவையே பார்த்தாள். "நா நிப்பாட்டிப்புடுவேன்டி. மலையில உள்ளவளுக வாயெல்லாம் நா எப்புடி மூடுறது? அது இப்ப எங்கிட்ட இல்லியே" என்றாள். ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. நான் அம்மா கட்சி. அவள் கையால் சாப்பிட்டால் அம்மா என்ன நினைப்பாள்?

வேறு டிரைவர் யாரும் அந்த லொறியைத் தொட வரவில்லை. மடுவத்தில் கொழுந்து குவிந்து, சூடேறி, சிவந்துபோய் நாறத் தொடங்கியது. துரை வந்தார். இந்தத் தடவை பாட்டுக்கு அர்த்தம் சொல்லாமல் கணக்கப்பிள்ளை தப்ப முடியவில்லை. அவருடைய இங்கிலீஷில் அது எப்படி இருந்ததோ, அடியடியாகச் சொல்லி முடித்தார். கேட்டதும் துரை தொப்பியைக் கழற்றினார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். வேர்வையைத் துடைக்கத்தான் கழற்றினார் என்பது எங்கள் மாமாவின் கட்சி. எதற்குக் கழற்றினாரோ, பிள்ளை பெறப்போகும் பெண்களையும் கடுமையான நோயாளிகளையும் சீட்டு இல்லாமலே லொறியில் ஏற்றலாம் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். மனுவெல்லாம் போட்ட தலைவர், அன்று மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நம்ப முடியாமல் நின்றார்.

டிரைவர் திரும்பி வந்தார். கீழ் லயத்துப் பெண் ஒருத்திதான் முதலில் ஏறிப்போனவள். போகும்போது அவள் போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். சில நாள் கழித்து அதே லொறியில், கையில் பிள்ளையோடு வந்து இறங்கினாள். மடுவத்தில் ஒரே குலவைச் சத்தம். பெண்கள் கைகொட்டிப் பாடினார்கள். மெட்டு அதேதான், ஆனால் அழுகையாக இல்லை.

பச்சக் கொழுந்துக்கு லொறியிருக்கு – இந்தப்
பச்ச ஒடம்புக்கும் லொறியிருக்கு

நான் கவனமாகக் கேட்டேன். மதினி இல்லை. அக்கா இல்லை. தங்கச்சிகூட இல்லை. இத்தனை நாள் பாட்டை நிறுத்தச் சொல்லி அழுத எனக்கு, இப்போது அந்தப் பாட்டிலும் அம்மா இல்லை என்றதும் பொறுக்கவில்லை. கூட்டத்தில் அத்தையைத் தேடினேன். அவள் வரவில்லை. பீலிக்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டுல எங்கம்மாவக் காணோம் அத்த. எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பீலித் தண்ணீரைக் கையில் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். "லொறியில ஏறிப் போயிட்டாடி ஒங்கம்மா. ஏறவுடாம வச்சிருந்தானுகல்ல, இப்ப ஏறிட்டா" என்றாள்.

அத்தை சண்டைக்காரியே தவிரப் பொய் சொல்கிறவள் இல்லை. அதனால் நான் நம்பினேன். லொறியில் ஏறிப் போகிறவர்கள்தான் திரும்பி வந்து இறங்குகிறார்களே, அம்மாவும் வருவாள் என்று கணக்குப் போட்டேன். அதன்பிறகு மாலைகளில் பாறைக்குப் போகவில்லை. கோயில் வளைவில் போய் நின்றுகொள்வேன். ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோன லொறி என்று தெரிந்தால், அது ஏறிவரும் சத்தம் கேட்டதும் பின்னாலேயே மடுவம் வரை ஓடுவேன். சாக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் மெல்ல எழுவாள். டிரைவர் கைலாகு கொடுத்து இறக்குவார். முகத்தை மூடியிருக்கும் சேலையை அவள் விலக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா இல்லை என்று தெரிந்ததும் திரும்பி நடந்துவிடுவேன்.

எத்தனையோ பேர் இறங்கினார்கள். ஒவ்வொருத்தி முகத்தையும் அப்படி உற்று உற்றுப் பார்த்தேன். இறங்கியவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள் என்பதை மட்டும் நான் கவனிக்கவே இல்லை.