மூன்று குஞ்சுகளும் இரண்டு லென்ஸ்களும்

இந்த வாரம் தபாலில் ஒரு போட்டோ வந்தது. பார்த்தால் சிரிப்பீர்கள். மங்கிப்போன வானம், அதன் குறுக்கே பழுப்பாக ஒரு இழுவை. அவ்வளவுதான். "ஸ்டூடியோக்காரன் காபியைக் கொட்டிட்டானா?" என்று எங்கள் வீட்டில் கேட்டாகிவிட்டது.

கேட்கட்டும். அதை பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அனுப்பியவர் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மேனேஜர். அந்த இழுவை ஒரு ஆந்தைக்குஞ்சு. அது உயிரோடு இருப்பதற்கு ஒரு லென்ஸ் காரணம். எந்த லென்ஸ் என்பதில்தான் எனக்கும் ஜரினாவுக்கும் ரகளையே நடந்தது.

ஜரினா யார்? லெப்பைக்குடிக்காட்டுக்காரி. கல்யாணங்களில் பெண்கள் பக்கம் போட்டோ எடுப்பவள். அந்தப் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது என்பதால், ஊரில் எந்த நிக்காஹ் என்றாலும் இவளிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் மண்டபமே பேசுவார்கள். வாய் ஜாஸ்தி. மணமகனின் அம்மாவையே "தள்ளி நில்லுங்க மாமி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்று அதட்டுகிற ஆள். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது — இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆந்தை பார்க்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்... யோசித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த கையோடு செந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். வேன் பஞ்சர். டிரைவர் டயர் மாற்றுகிற நேரத்தில், சாலையோரம் இருந்த சுரங்கக் குழியை வேலி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். எதிர்ச் சுவரில் ஒரு கல் தலையைத் திருப்பியதாம். மறுநாள் காலையிலேயே போன்.

"அக்கா, கல்லுக்குக் கண்ணு இருக்குக்கா! ஆரஞ்சு கலர்ல! நீங்க உடனே வரணும்."

போனேன். அரியலூரில் குடியிருந்துகொண்டு எத்தனை குழியைக் கடந்திருப்பேன்! லாரியும் தூசியும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. அன்று சாயங்காலம் வேலியோரம் நின்று பைனாகுலரில் பார்த்தால்... சுவர் முழுக்கச் சிப்பி! ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். படிப்பது வேறு, பார்ப்பது வேறு. அந்தப் பழைய கடலின் தரையிலே, ஒரு சின்ன விளிம்பில், காதுக்கு மேலே இரண்டு கொம்பு மாதிரி இறகுக் கொத்தோடு ஒரு பெரிய ஆந்தை உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் இறங்க இறங்க அதன் வயிற்றுக்கடியிலிருந்து வெள்ளைப் பஞ்சாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

அப்போது எங்கள் தலைக்கு மேலே ஏதோ போனது. ஆண் ஆந்தை. குஞ்சுகளுக்கு இரை கொண்டு போகிறது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். சத்தமே இல்லை! காக்கா பறந்தால்கூட இறக்கைச் சத்தம் கேட்குமே? அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு அகலச் சிறகு — ஒரு சின்ன 'உஸ்'கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாயாடி ஜரினா "சுப்ஹானல்லாஹ்" என்று சொன்னதோடு சரி.  

அடுத்த நாள்தான் தலையில் இடி விழுந்தது. வருகிற திங்கட்கிழமை அந்தச் சுவருக்கு வெடி வைக்கிறார்கள் என்று சுரங்கத்தின் வாட்ச்மேன் சொன்னார்.

மேனேஜர் ஆபீசுக்கு ஓடினோம். நல்ல மனிதர். உட்கார வைத்து டீ கொடுத்தார். உச்சி வெயிலில் எங்களோடு வந்து, பைனாகுலரை வாங்கிப் பார்க்கவும் செய்தார். ஆனால் பகலில் ஆந்தை அசையுமா? கல்லோடு கல்லாக அது உட்கார்ந்திருக்கிறது, குஞ்சுகளோ உள்ளே இடுக்கில்.

"எனக்குக் கல்லுதாங்க மேடம் தெரியுது. சாயங்காலம் இருந்து பாக்கலாம்னா முடியல, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வேலை முடிஞ்சதும் ஜெயங்கொண்டம் ஓடணும். ஒரு போட்டோ காட்டுங்க. அங்கதான் குஞ்சு இருக்குன்னு தெரிஞ்சா போதும், அது பறக்கிற வரைக்கும் வேற பக்கம் வெட்டச் சொல்றேன். வெறும் வாயால சொன்னா மேலிடத்துல என்னைத்தானே கேப்பாங்க?"

நியாயம்தானே?

நல்ல நேரம் — ஜரினாவின் தம்பி ரபீக் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பெட்டியில் இரண்டு லென்ஸ். ஒன்று அக்காவுக்கு, இன்னொன்று திருச்சியில் இருக்கும் அவன் நண்பனுக்கு. "லாத்தா, உனக்கு எது வேணும்னு மொதல்ல சொல்லிடு" என்று கட்டில் மேல் இரண்டையும் எடுத்து வைத்தான். வீடே சுற்றி உட்கார்ந்துகொண்டது.

ஒன்று நாயனம் மாதிரி நீளம். தூரத்தில் இருப்பதைக் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் வெளிச்சத்துக்கு வாயைக் கொஞ்சமாகத்தான் திறக்கும். இன்னொன்று சொம்பு மாதிரி குட்டை, குண்டு. அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் வாய் அகலம். மங்கல் வெளிச்சத்திலும் பட்டென்று எடுத்துவிடலாம், எதிரில் இருப்பது அசைந்தாலும் படம் கலங்காது.

எது வேண்டும்... எட்டுவதா, வேகமா? குழிக்கு அந்தப் பக்கம் ஆந்தை, இந்தப் பக்கம் வேலி. உள்ளே இறங்க யாரையும் விடமாட்டார்கள். அப்படியானால் நாயனம். ஆனால் குஞ்சுகள் வெளியே வருவது சூரியன் விழுந்த பிறகு. அப்படியானால் சொம்பு. இரண்டும் சேர்ந்த லென்ஸே கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதை வாங்கவேண்டுமானால் ரபீக் இந்த ஜென்மத்தில் துபாயை விட்டு வரமுடியாதாம்.

"பெருசை வுட்டுட்டு யாராச்சும் சிறுசை எடுப்பாங்களா புள்ள?" என்று ஜரினாவின் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். நானும் அந்தக் கட்சிதான். ஆந்தையின் முகம் தெரிய வேண்டாமா?

"இருட்டுல மொகம் எங்கேருந்துக்கா தெரியும்? நிக்காஹ் வூட்ல நான் படுற பாடு எனக்குல்ல தெரியும்!" என்றாள் ஜரினா.

"ஆந்தை என்ன கல்யாணப் பொண்ணா? அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். நீ பொறுமையா எடு" என்றேன்.

நான் பொறுமையைப் பற்றிப் பேசியதும் ரபீக் எழுந்து போய் வாசலில் நின்று சிரித்துவிட்டு வந்தான்.

இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டே சொல்லட்டும் என்று ரபீக் விட்டுவிட, வெள்ளிக்கிழமை முதலில் நாயனத்தோடு போனோம். ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்க விட்டாள். ஐயோ, அந்தக் கண்! தணல் நிறத்தில், இமைக்காமல், குழியைத் தாண்டி என்னையே பார்க்கிறது. என் ஜாதகமே அதற்குத் தெரியும்போல ஒரு பார்வை. மூச்சு விட மறந்துபோனேன். "எடு, எடு" என்று நான் அவசரப்படுத்த, ஜரினா ரோல் முழுவதையும் எடுத்தாள். மறுநாள் மதியம் பெரம்பலூரில் கழுவி வாங்கிப் பார்த்தால் — எல்லாமே ஷேக்! அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் என்றேனே, அந்த ஆந்தை தலையைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடியிருக்கின்றன.

"பொறுமையாத்தான்க்கா எடுத்தேன்" என்றாள். குத்தல்!

அன்று சாயங்காலமே சொம்பு. வேலிக் கம்பத்தின் மேல் துப்பட்டாவைச் சுருட்டி வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுத்தாள். தெரிந்த லேப்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிறு காலை கடையைத் திறக்க வைத்து பிரிண்ட் வாங்கினோம். படம் அவ்வளவு துல்லியம். சுவரில் இருந்த சிப்பிகளைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் ஆந்தை? ஒரு வேர்க்கடலை அளவு. குஞ்சுகள் மூன்றும் மூன்று அரிசி.

ஜரினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைக் காட்டுனா சிரிப்பாருக்கா. நாளைக்கு வெடி வெச்சிடுவாங்க. அதுங்களுக்கு இன்னும் றெக்கைகூட மொளைக்கல."

"கலங்குனதையும் எடுத்துக்க. பெருசாவாச்சும் இருக்கு" என்றேன்.  வேறு என்ன சொல்வது?

ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டில் இருந்தார் மேனேஜர். அங்கேயே போய், முதலில் நான் நாயனத்தில் எடுத்த பெரிய படங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏதோ பறவைன்னு தெரியுது மேடம். ஆனா இது எங்க எடுத்தது? எந்தக் குழியில வேணா இருக்கலாமே?"

வாங்கிப் பார்த்தேன். ஆந்தையும் அதற்குப் பின்னால் ஒரு சாண் கல்லும்... அதில் எந்த ஊர் என்று எழுதியா இருக்கும்?

ஜரினா தயங்கித் தயங்கிச் சொம்பில் எடுத்த சின்னப் படத்தைக் கொடுத்தாள். மேனேஜர் ஆந்தையைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். சுவரில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். நாங்கள் வந்த நாளெல்லாம் கண்ணில் பட்ட, ஒரு பொருட்டாகவே நினைக்காத எண்.

"இது நான் போடச் சொன்ன நம்பருங்க. நாளைக்கு வெடிக்கப் போறது இதைத்தான்."

விரல் அங்கிருந்து மெதுவாக நகர்ந்தது. எண்ணுக்குப் பக்கத்திலேயே விளிம்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூணா இருக்கு?" குரல் இறங்கிவிட்டது.

"மூணு சார்" என்றாள் ஜரினா.

"நம்பர் போடுறப்ப நேரா நின்னு பாத்தேனே... தெரியலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து போய் போனை எடுத்தார். திங்கட்கிழமை வெடி தெற்குப் பக்கம் போய்விட்டது.

எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. நாங்கள் பெரிதாகக் காட்ட நினைத்தது ஆந்தையை. அதைக் காப்பாற்றியது அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. எதையும் கிட்டே இழுத்துப் பார்த்தால்தான் திருப்தி நமக்கு. மனிதர்களையும்தான்! கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அவர்கள் தலைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியுமோ என்னவோ.

ஜரினா சொம்பை எடுத்துக்கொண்டாள். நாயனம் திருச்சிக்குப் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. மேனேஜர் ரபீக்கைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்! "நீங்க சொன்ன கண்ணை ஒரு தடவை கிட்டப் பாக்கணும் மேடம்" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமானால் வேலியோரம் அவர்தான். உடம்பு தேறிய அம்மாவையும் ஒருநாள் காரில் கூட்டி வந்து காட்டினாராம்.

போட்டோ கிடைத்த அன்று போன் செய்தார்.

"மேடம், கடைசிக் குஞ்சும் பறந்துடுச்சுங்க! விளிம்புல நின்னு நின்னு பாத்துச்சு... அப்படியே விழுந்துச்சு. நான் கத்தியே புட்டேன்! பாத்தா, பாதியில றெக்கையை விரிச்சு என் தலைக்கு மேலதான் போச்சு. சத்தமே இல்லீங்க மேடம்! போட்டோதான் ஷேக் ஆயிடுச்சு. வெளிச்சம் பத்தல, லென்ஸ் வேற ஸ்லோ..."

லென்ஸ் மேல் பழியைப் போடாதீர்கள் சார். போனில் குரலே அப்படி நடுங்கியதே... கை மட்டும் நடுங்காமலா இருந்திருக்கும்?