குரல் அறைக் கணினி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் 'சரிபார்ப்பு அக்கா' என்றுதான் பெயர். "அக்கா லிஃப்ட்டுல ஏறினா லிஃப்ட்டுக்கே பரீட்சை வைப்பாங்க" என்று பக்கத்து மேசைக்காரன் கிண்டலடிப்பான். அப்படிப்பட்டவள் கையால்தான் அது நடந்தது.

அறுபத்தொரு கணினிகளின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்தால் மாதக்கணக்காகும் என்று, தானாகவே அதைச் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது ஒவ்வொரு கணினியிலும் பதிப்பு எண் எழுதிய கோப்பைப் படிக்கும். ஐந்து என்றிருந்தால், உள்ளதைத் தொடாமல் மேம்படுத்தும். நான்கு என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும். நான்காம் பதிப்புக் கணினிகளில் யாரும் எதையும் சேமிப்பதில்லை.

குரல் அறைக் கணினி மட்டும் விதிவிலக்கு. அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் அதில் ஐந்தாம் பதிப்பைக் கையாலேயே நிறுவிவிட்டு, கோப்பிலிருந்த எண்ணை மாற்றாமல் போயிருந்தார். கோப்பில் நான்கு என்று படித்த ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் அழித்தது; உள்ளே உண்மையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவள் எழுதவில்லை.

தொண்டை அறுவைக்குப் போகிறவர்கள், குரல் போகுமுன் பேசிப் பதிந்து வைக்கிற அறை அது. மற்றவர்கள் பிரதி வாங்கிப் போயிருந்தார்கள். பேருந்து நடத்துனர் ஒருவர் மட்டும் வாங்கவில்லை. அவருக்கு அறுவை முடிந்து ஒன்பது நாள்.

"கடிதம் அனுப்பிக்கலாம்மா, நீங்க போக வேணாம்" என்றார் மேலதிகாரி. மனசு கேட்காமல் அவர் வீட்டுக்கே போனாள்.

மருத்துவமனையிலிருந்து என்றதும், கதவைத் திறந்த மனைவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பதிவு கொண்டாந்தீங்களாம்மா? தினமும் எழுதி எழுதிக் கேக்கறாரு."

"இல்லைங்க… அழிஞ்சுபோச்சு. என் தப்புதான்."

கட்டிலில் இருந்தவர் நோட்டை எடுத்தார். 'எல்லாமேவா?'

அவள் ஆமென்று தலையசைத்தாள். அவர் அதன் கீழேயே எழுதினார்: 'பாப்பாவுக்கு ஆறு வயசு. இன்னும் இருபது பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்லி வச்சிருந்தேன்.'

"நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றாள் மனைவி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே ஸ்கிரிப்டைத் திருத்தினாள். இப்போது அது உள்ளே நிறுவியிருக்கும் இயங்குதளத்தையே திறந்து பார்க்கும். கோப்பின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும். மிச்சக் கணினிகள் பிசகில்லாமல் முடிந்தன. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நடத்துனரின் மனைவி ஃபோன் செய்தாள். "என் கொழுந்தனார் ஃபோன்ல ஒரு வீடியோ கெடச்சுதும்மா. அழியாம வைக்கணும். வர்றீங்களா?"

அன்று மதியமே போனாள். ஏதோ ஒரு கூட்டம், பதினோரு விநாடி. நடத்துனரின் முகம்கூட இல்லை, குரல் மட்டும், கொஞ்சம் எரிச்சலோடு: "தம்பி, தள்ளி நில்லுப்பா, மறைக்குது."

பிரதி எடுத்துக் கொடுத்தாள். கட்டிலில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாப்பா திரையருகே வந்து நின்றாள்.

"அப்பா யாரைத் தள்ளி நிக்கச் சொல்றாரு?"

யாருக்கும் தெரியவில்லை.