பெரியப்பா பிடித்த இரண்டு நோன்பு

ஆம்பூரில் என் பெரியப்பா தேவசகாயத்தைக் கல்யாணத்துக்கு அழைத்தவர்கள், உலையில் ஒரு படி அரிசியைக் கூட்டித்தான் போடுவார்கள். அவருக்குத் தோல் மண்டியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை நீளக் கழியால் புரட்டிப் போட வேண்டும். உழைக்கிற உடம்பு, சாப்பிடட்டுமே என்று ஊரில் சொன்னார்கள். ஊருக்கு என்ன தெரியும்? அவர் உழைப்புக்காகச் சாப்பிடவில்லை, பயத்தில் சாப்பிட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தாது வருஷப் பஞ்சத்தில் அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்து, கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய அநாதை மடத்தில் வளர்ந்தவர் அவர். பசி வந்த பிறகு சாப்பிடுவது மற்றவர்கள் வழக்கம். வந்துவிடுமோ என்று சாப்பிடுவது அவர் வழக்கம்.

1927 கிறிஸ்துமஸ் அன்று பந்தியிலிருந்து எழுந்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் சாய்ந்துவிட்டார். மூச்சு விட முடியவில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, “இப்படியே தின்னுகினு இருந்தா அடுத்த கிறிஸ்துமஸ் உனக்கு இல்ல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

சவுரியம்மாள் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “நான் ஆக்கிப்போட்டே உன்னக் கொன்னேன்னு ஊரு பேசணுமாய்யா?”

அந்த அழுகைக்குப் பயந்துதான் பெரியப்பா ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டார். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. உடம்பு வருத்தி வேலை செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டு என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கேட்கவில்லை. தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனார். மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மூன்று வேளைச் சோற்றையும் ஒரே மூச்சில் தின்று முடித்துவிட்டு எழுந்தார். சட்டப்படி பார்த்தால் அது ஒரு வேளைதானே! பெரியம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே ஆண்டவரிடம் முறையிட்டாள்.

அந்த வருஷம் பார்த்து ரம்ஜானும் அதே சமயத்தில் வந்தது. மண்டி முதலாளி ஜியாவுதீன் சாயபு மாலையானால் பெரிய பானையில் நோன்புக் கஞ்சி காய்ச்சச் சொல்வார். நோன்பு பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேதம் கிடையாது. பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி, தோல் நாற்றத்தையே மறக்கடிக்கும். பெரியப்பா யோசித்தார். கஞ்சி என்பது குடிப்பது, தின்பது அல்ல. குடிப்பதால் ஒருசந்தி முறியாது. ஆகவே பாத்திரத்தை நீட்டினார்.

கஞ்சி ஊற்றுகிற ஹபீப் சிரித்தான். “இன்னா சகாயம் தோஸ்த், ரெண்டு நோன்பும் பிடிக்கிறியே, சொர்க்கத்துல எந்தப் பக்கம் போவே?”

“கஞ்சி ஊத்துற பக்கம்” என்றார் பெரியப்பா.

இந்த வேடிக்கை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று அவர் மூன்றாவது முறையாகப் பாத்திரத்தை நீட்ட, ஹபீப் பானையைச் சாய்த்துச் சுரண்டி ஊற்றினான். அவர் பாதி குடித்திருப்பார், ஹலீமா பீ ஓட்டமும் நடையுமாக வந்தாள். மண்டியில் ஆட்டு மயிர் பிரிக்கிற விதவை அவள். காய்ச்சலாய்க் கிடந்த மகளைப் பார்த்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. விடிவதற்கு முன் எதையோ வாயில் போட்டதோடு சரி, அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள்.

ஹபீப் காலிப் பானையைப் பார்த்தான், பிறகு பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா கையில் இருந்தது எச்சில் கஞ்சி. கொடுக்கவும் முடியாது.

ஹலீமா பீக்குப் புரிந்துவிட்டது. “பரவால்ல, பேஜாராவாதே சகாயம். நீயும் நோன்புதானே” என்றாள். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்து நோன்பு திறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் திட்டியிருந்தால் பெரியப்பா சமாளித்திருப்பார். மத்தியானம் வயிறு முட்டத் தின்றவனைப் பார்த்து நீயும் நோன்புதானே என்று நம்பிச் சொன்னாளே, அதை அவரால் தாங்க முடியவில்லை. மீதிக் கஞ்சியை மண்டி நாய்க்கு ஊற்றிவிட்டு வெறுங்கையோடு நின்றார்.

மறுநாள் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் சொன்ன ஜெபத்தை முடித்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் கீழே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தார். இத்தனை நாளும் நோன்பு என்ற பெயரில் அவர் நினைத்ததெல்லாம் சோறுதான், ஆண்டவரை ஒரு நாழிகைகூட நினைக்கவில்லை. பெரியப்பா அழுதார். இதை அவரே பின்னாளில் என்னிடம் வெட்கப்படாமல் சொன்னார். “பசிய எடுத்துடுன்னு நான் கேக்கல. பசிக்கட்டும், அது வயித்தோட வேலை. பஞ்சத்துல என்னப் பிடிச்ச பயத்த மட்டும் எடுத்துடு ஆண்டவரேன்னு கேட்டேன். என்னால முடியல, நீ செய்யின்னு விட்டுட்டேன்.”

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு தட்டுச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். பெரியம்மா ஓடிவந்து, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் நேரே சாயபுவிடம் போய், இனி கஞ்சியைத் தானே ஊற்றுவதாகச் சொன்னார். மண்டியே சிரித்தது.

“ஊத்துவியா, குடிச்சிடுவியா?” என்றார் சாயபு.

“தெரியல சாப். குடுத்துப் பாருங்க.”

அந்த நேர்மைக்காகவே கரண்டியைக் கொடுத்தார்கள். சாயங்காலம் பெரியப்பா ஊற்றிக்கொண்டே போனார். ஆவி முகத்தில் அடிக்கிறது, வயிறு இரைகிறது. ஹபீப் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் கடைசி ஆள் ஹலீமா பீ. பெரியப்பா பானையைச் சாய்த்து, இருந்ததையெல்லாம் வழித்து அவள் பாத்திரத்தில் ஊற்றினார். ஒரு பருக்கை மிச்சமில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று அந்தப் பழைய பயத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் இறங்கிப் போனது போல மூச்சு இலேசானது. பிற்காலத்தில் கல்யாண வீடுகளில் அவர் சறுக்கியது உண்டு, இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் பயந்துபோய்ச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“நீ குடிச்சியா சகாயம்?” என்று கேட்டாள் ஹலீமா பீ. அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, இல்லை என்றார். அவள் இன்னும் வாய் வைக்காத கஞ்சியை அவர் பாத்திரத்தில் சாய்த்தாள். நாலு வாய் அளவு விழுந்திருக்கும்.

“போதும்க்கா” என்றார் பெரியப்பா.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “சவுரி, நான் இன்னிக்குப் போதும்னு சொன்னேன்” என்றார். பெரியம்மா நம்பவில்லை. யாரிடம், எதற்கு, யார் பார்த்தார்கள் என்று குறுக்கு விசாரணை செய்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லுய்யா, கேக்கறேன்” என்றாள்.